பத்து ரூபாய் மிளகு: டீச்சரம்மா பதில்கள்

போன மாதம், "உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சமையலில் இன்னும் பிடிபடாதது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'கைமணம்' என்ற சொல் இருக்கிறது. எனக்கு அந்தச் சொல்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. முப்பத்து மூன்று வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். விடை தெரியாத பிள்ளை எழுந்து நின்று, "அது அப்படித்தான் டீச்சர்" என்று சொன்னால் உட்காரச் சொல்ல மாட்டேன். அந்தப் புத்தி அடுப்படியிலும் போகவில்லை. சரி, கடிதங்களுக்கு வருகிறேன்.

*

பாட்டியின் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. சாம்பார்ப் பொடிக்கு "மல்லி 1 வீசை, மிளகாய் அரை வீசை, து.பருப்பு காவீசை, மிளகு 10 ரூ, வெந்தயம் 4 ரூ, மஞ்சள் 1 பலம்" என்று எழுதியிருக்கிறார். வீசையும் பலமும் எவ்வளவு? அந்தக் காலத்தில் 10 ரூபாய்க்கு எவ்வளவு மிளகு கிடைத்திருக்கும்?
— வாசகி, வலங்கைமான்

பத்து ரூபாய்க்கு அன்று ஒரு மூட்டைக்குப் பக்கத்தில் கிடைத்திருக்குமோ என்னவோ, அப்படி நினைத்துப் பொடி அரைத்துவிடாதீர்கள் தாயே! இது விலை இல்லை, எடை. வெள்ளி ரூபாய் ஒன்றின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தராசுத் தட்டில் படிக்கல்லுக்குப் பதிலாக ரூபாயையே வைத்து நிறுப்பார்கள். அதனால் 'ரூபாய் எடை' என்று பேர். பாட்டி சுருக்கமாக 'ரூ' என்று போட்டுவிட்டார்.

மூன்று ரூபாய் எடை ஒரு பலம், 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1,400 கிராம். காவீசை என்றால் கால் வீசை, 350 கிராம். 1960-களின் தொடக்கத்தில் கிலோவும் கிராமும் கட்டாயமாகும்வரை கடைத்தெருவில் இந்தக் கணக்குதான். அதற்குப் பிறகும் வெகுநாள் எங்கள் அம்மா மளிகைக் கடையில் பலத்தில்தான் கேட்பார், கடைக்காரர் கிராமில் நிறுத்துக் கொடுப்பார், இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் வராது.

எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று கடுகோடு கடுகாகக் கிடக்கும். பெருங்காயக் கட்டியை உடைத்து அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார் அம்மா. கறுத்துப்போய், மஞ்சள் ஏறி, அது காசு என்றே எங்களுக்குத் தெரியாது. என் தம்பி ஒருநாள் அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்துவிட்டான். மறு வாரமே காணாமல் போனது. கறுப்பாக இருந்தவரைக்கும் பத்திரமாக இருந்தது.

நோட்டில் உள்ள அளவு, பதினைந்து இலை விழுகிற கூட்டுக் குடும்பத்துக்கு. நீங்கள் இருவர் என்று எழுதியிருக்கிறீர்கள், எட்டால் வகுத்துவிடுங்கள். மல்லி 175 கிராம், மிளகாய் 90க்குக் கொஞ்சம் குறைவாக, துவரம்பருப்பு 45, மிளகு 15, வெந்தயம் 6, மஞ்சள் 4 அல்லது 5. மிளகு சற்று கூடுதலாகத் தெரியும். மாற்ற வேண்டாம். முதலில் பாட்டி எழுதியபடியே ஒருமுறை அரைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம்.

*

சிறுவயதில் பள்ளி விடுமுறைக்கு நீடாமங்கலம் பக்கம் அம்மாச்சி வீட்டுக்குப் போவேன். அவர் வைக்கும் விரால் மீன் குழம்பின் ருசி இன்றுவரை எனக்கு வரவில்லை. செய்முறை அதேதான், பக்கத்தில் நின்று கற்றவள் நான். எல்லோரும் அது அம்மாச்சியின் கைமணம் என்கிறார்கள்.
— வாசகி, சிங்கப்பூர்

கைமணத்தைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். நீங்கள் போனது பள்ளி விடுமுறையில். அதாவது சித்திரை, வைகாசி. நம் பக்கம் அப்போதுதான் குளம் குட்டையெல்லாம் வற்றும். சேற்றில் பதுங்கிய விராலை ஊரே இறங்கிப் பிடிக்கும். காலையில் துள்ளியது மத்தியானம் சட்டியில் இருக்கும். மாங்காய்க் காலமும் அதுதான். உங்கள் அம்மாச்சி புளியைக் குறைத்து மாங்காய் போட்டிருப்பார். நீங்கள் பக்கத்தில் நின்றபோது மாங்காய் எப்போதோ வெந்து கரைந்திருக்கும், அல்லது அந்தத் துண்டு உங்கள் தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு மறந்திருப்பீர்கள். உங்கள் கடிதத்திலேயே, "கையை நக்கும்போது புளிப்பு பல்லில் கூசும்" என்று ஒரு வரி இருக்கிறது. வெறும் புளி அப்படிக் கூசாது.

இன்னொன்று சட்டி. மீனுக்கென்று தனி மண்சட்டி வைத்திருப்பார்கள், அதில் வேறொன்றும் செய்யமாட்டார்கள். வருடக்கணக்காக நல்லெண்ணெயும் குழம்பும் குடித்த சட்டி அது. புதுச் சட்டியில் பத்தாவது தடவை வைக்கும் குழம்புக்கும் முதல் தடவைக் குழம்புக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். எவர்சில்வரில் வைத்துவிட்டு அம்மாச்சியைத் தேடாதீர்கள்.

அப்புறம், நீங்கள் அதை எப்போது சாப்பிட்டீர்கள்? ராத்திரி வைத்த குழம்பை மறுநாள் காலை பழைய சோற்றோடு என்றால் கணக்கே வேறு. கிளிமூக்கு மாங்காய் கிடைத்தால் வாங்கி, புளியைப் பாதியாக்கி, ஒரு ராத்திரி வைத்திருந்து சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

*

கும்பகோணம் கடப்பாவில் மஞ்சள்தூள் போடலாமா?
— வாசகர், பாபநாசம்

எங்கள் வீட்டில் போடுவதில்லை. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், தேங்காயும் பொட்டுக்கடலையும் சோம்பும் கசகசாவும் அரைத்த விழுது. வெளுப்பாக இருக்க வேண்டும். மஞ்சள் போட்டால் ருசி கெடாது, ஆனால் இலையில் பார்த்ததும் அதைச் சாம்பார் என்று நினைத்து இட்லிமேல் ஊற்றிவிடுவார்கள்.

*

என் அப்பாயி பானையில் ஊற்றி வைக்கும் பழைய சோறு மறுநாள் மணக்கும், நீராகாரம் கொழகொழவென்று இருக்கும். நாங்கள் வைத்தால் தண்ணீர் தண்ணீராக நிற்கிறது, மத்தியானத்துக்குள் வாடை வந்துவிடுகிறது. பானை காரணமா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பானையும் காரணம், ஆனால் அரிசியைக் கேட்காமல் பானையைக் குற்றம் சொல்லக்கூடாது. நீங்கள் கடையில் வாங்குவது நன்றாகத் தீட்டி வெளுத்த அரிசி. அப்பாயி வடித்தது உரலில் குத்திய, தவிடு ஒட்டிய அரிசி.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது எங்கள் பக்கம் ஏடிடி 27 வந்தது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கே உருவாக்கி 1965-இல் வெளியிட்ட குறுகிய கால நெல். குறுவைக்கு ஏற்றது, விளைச்சல் கொட்டியது. அப்பா ஒரே வருடத்தில் ஓட்டு வீட்டுக்கு மச்சு போட்டார். எங்கள் அப்பாயி மட்டும் வாயைத் திறந்தால் குறைதான்: "சோறு வயித்துல நிக்கமாட்டேங்குதுடா, பத்து மணிக்கே பசிக்குது." அப்பா சிரித்துவிட்டு, அப்பாயிக்காக ஒரு மா நிலத்தில் மட்டும் மாப்பிள்ளைச் சம்பா போட்டார். அப்பாயி போன மறு வருடம் அந்த ஒரு மாவும் போய்விட்டது. யாரும் முடிவெடுத்து நிறுத்தவில்லை, விதை எடுத்து வைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில்தான் 'நெல்' ஜெயராமன் மரபு நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை வாங்கிப்போகிறவர் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித்தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவர் 2018-இல் காலமானார், ஆனால் அந்த விதைகள் உங்கள் வட்டாரத்து வயல்களில் இருக்கின்றன. விசாரித்து மாப்பிள்ளைச் சம்பா வாங்குங்கள். முதல்நாள் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடியுங்கள். ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றுங்கள், உப்பு மட்டும் காலையில். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை இருந்தால் காய்ச்சி ஆற்றி ஊற்றவும்.

*

ஆடிப்பெருக்கு அன்று எங்கள் ஆற்றில் பல வருடம் தண்ணீர் இருப்பதில்லை. கலந்த சாதம் கட்டிக்கொண்டு எங்கே போவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.
— வாசகி, பேராவூரணி

கடைமடைக்காரர்களுக்கே உரிய கேள்வி. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்கிறோம். அணையில் தண்ணீர் இருந்தால்தானே வழக்கம்? திறந்தாலும் கல்லணைக் கால்வாய் வழியாக உங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் மேலே எத்தனை மதகு!

மணல் மட்டும் கிடந்த ஒரு வருடம் நாங்கள் அடிபம்புக்குப் பூச்சூட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, காதோலை கருகமணி படைத்தோம். என் மாமியார் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "தண்ணி எங்க வருதோ அங்கதான் காவேரி" என்று சொல்லிவிட்டுப் பம்பை நான்கு அடி அடித்தார். பிள்ளைகள் சப்பரத்தைத் தெருவிலேயே இழுத்தார்கள். நீங்கள் பம்புசெட்டுக்குப் போங்கள்.

கட்டுச்சாதத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எதை முதலில் பிரிப்பது என்றும் ஒரு ஒழுங்கு உண்டு. தேங்காய்ச் சோறு சீக்கிரம் கெடும், அதைப் போனவுடன் தின்றுவிட வேண்டும். அடுத்தது எலுமிச்சை. வெயில் ஏறியதும் தயிர்ச் சோறு. புளிச் சோற்றை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து ராத்திரிக்கு வைத்துக்கொள்வார்கள். குழந்தைகள் வழியில் கொறிக்கக் காப்பரிசி. உங்கள் பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுங்கள், எந்தத் தூக்கு எப்போது திறப்பது என்று அவர்களே சொல்லட்டும்.

*

ஆச்சியிடம் அதிரசத்துக்கு அளவு கேட்டால் "கண் அளவுதான்" என்கிறார். வீடியோ எடுத்தும் புரியவில்லை. எப்படித்தான் எழுதி வைப்பது?
— வாசகர், மயிலாடுதுறை (இப்போது பெங்களூரு)

அளவை அவரிடம் கேட்காதீர்கள் தம்பி, டப்பாவிடம் கேளுங்கள். சமையல் தராசு ஒன்று வாங்கி, அவர் ஆரம்பிக்கும் முன் மாவுப் பாத்திரம், வெல்ல டப்பா எல்லாவற்றையும் நிறுத்துக் குறித்துவிடுங்கள். அவர் பாட்டுக்குக் கண் அளவில் அள்ளட்டும். முடிந்ததும் திரும்ப நிறுத்தால் வித்தியாசம்தான் அளவு. கழித்தல் கணக்கு, இரண்டாம் வகுப்பு.

ஆனால் அதிரசத்தில் எடை பாதிதான். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் எவ்வளவு நேரம் உலர்த்துகிறார், இடித்த மாவைப் பிடித்தால் பிடி நிற்கிறதா, பாகைத் தண்ணீரில் விட்டால் கரைகிறதா உருட்ட வருகிறதா, மாவைக் கிளறி எத்தனை நாள் வைத்திருந்து சுடுகிறார், இதெல்லாம் வீடியோவில் விழாது. அவர் அடுப்பை அணைக்கிற அந்த நொடியில், "ஏன் இப்போ ஆச்சி?" என்று கேளுங்கள். சாயங்காலம் கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த நொடியில் கேட்டால் திட்டிக்கொண்டே சொல்லுவார்.

*

தம்ரூட் இனிப்புக்கு மைதா என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் உம்மா வீட்டில் ரவைதான். ரவை, முட்டை, சீனி, நெய், பால். மூடிமேல் தணல் கொட்டி, மேலும் கீழும் சூடு வைத்து வேகவிடுவோம்.
— வாசகி, கூத்தாநல்லூர்

தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க்காரர்களிடமே தம்ரூட் பற்றி அளந்துவிட்டேன். மூடிமேல் தணல் கொட்டுவதைத் திருவாரூரில் ஒரு தோழி வீட்டில் பார்த்திருக்கிறேன், அதை எழுத மறந்தது அதைவிடப் பெரிய தப்பு.

*

எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிறீர்களே டீச்சரம்மா, உங்களுக்குப் பிடிபடாத பண்டம் ஒன்றுகூட இல்லையா?
— வாசகி, திருவையாறு

இருந்தது. என் மாமியாரின் பால் பாயசம். அவர் போன பிறகு இருபது வருடத்துக்கு மேல் செய்துகொண்டிருந்தேன். அரிசியை மாற்றினேன், நாட்டு மாட்டுப் பால் வாங்கினேன், ஏலக்காயைக் கூட்டிக் குறைத்தேன், வெண்கல உருளி வாங்கி ஈயம் பூசினேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும், "நல்லாருக்கு" என்று ஒரு டம்ளரோடு எழுந்துவிடுவார். அந்த 'நல்லாருக்கு' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா?

ஒரு அமாவாசை அன்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். காந்தல் வாடை வந்து ஓடினேன். அடிப்பிடித்துவிட்டது. இலை போடுகிற நேரம், வேறு பாலும் இல்லை. மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சர்க்கரை போட்டு, ஒன்றும் சொல்லாமல் ஊற்றினேன். மனிதர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் டம்ளரை நீட்டினார். அப்புறம் இன்னொரு தடவை நீட்டினார்.

மாமியாருக்குச் சவுக்கு விறகு அடுப்பு, ஒரு கையில் பேரப்பிள்ளை, இன்னொரு கையில் பத்து வேலை. பால் தினமும் காந்தியிருக்கிறது. அது தெரிந்தால் அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது ஒரு லிட்டர் பாலில் ஒரு ஆழாக்கைத் தனியாக எடுத்து, வாணலியில் பழுப்பேறக் காந்தவிட்டு, வடிகட்டி, கடைசியில் சேர்க்கிறேன். வாணலியை ராத்திரியே ஊறப்போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் தேய்த்து மாளாது.