ஐஸ் ஹாக்கி முன்கள வீரரின் ஆட்ட வாழ்க்கை எப்படி இருக்கும்?

மண்டபம் ஊரிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பாம்பன் பக்கம் இந்த ஆட்டத்தை டிவியில்தான் பார்க்க முடியும் என்பதால் அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

முன்களத்தில் மூவர்: நடுவில் ஒருவர், இரு ஓரங்களிலும் ஒவ்வொருவர். இறங்கினால் சுமார் 45 நொடி முழு வேகத்தில் சறுக்கிவிட்டு பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்கு மேல் கால்கள் தாங்காது. அதனால் 60 நிமிட ஆட்டத்தில் நட்சத்திர வீரர்கூட 20 நிமிடம் போலத்தான் ஆடுவார். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். அணிகள் 18 வயதிலேயே வீரர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கும். ஆனால் பலர் அப்புறம் சில வருடம் சிறிய லீக்குகளில்தான் ஆடுவார்கள். முட்டி, தோள், தலைக் காயங்கள் பலரைச் சீக்கிரமே வெளியேற்றிவிடும்.

அதனால்தான் ரஷ்ய முன்கள வீரர் ஒவெச்கின்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. கனடாவின் முன்னாள் நட்சத்திரம் கிரெட்ஸ்கியின் 894 என்.எச்.எல். கோல் சாதனையை 2025 ஏப்ரலில், 39 வயதில் முறியடித்தார்!

ஆட ஆசையா தம்பி? ரோலர் ஸ்கேட்டிங்கில் தொடங்குங்கள். குளிர்காலத்தில் லடாக்கில் பனியிலேயே ஆடுகிறார்கள்.