சும்மா நிற்கும் டீசலுக்கு ஆயில்: அணுமின் நிலைய அவசர ஜெனரேட்டர்கள் பற்றிக் கேள்வி பதில்

அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் போய்விட்டால், பாதுகாப்புப் பம்புகளை ஓட்டவேண்டியது அங்கே நிற்கும் அவசர டீசல் ஜெனரேட்டர்கள்தான். அவற்றின் லூப் ஆயில் (மசகு எண்ணெய்) சிக்கல்கள் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை. இங்கே பேசப்படும் என்ஜின்கள் அமெரிக்க நிலையங்களில் உள்ளவை: இ.எம்.டி. 645, எதிரெதிர் பிஸ்டன் வைத்த ஃபேர்பேங்க்ஸ் மோர்ஸ், டிரான்ஸ்அமெரிக்கா டெலாவல் (டி.டி.ஐ.). சொல்லப்படும் விதிகள் அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமான என்.ஆர்.சி.யின் மாதிரி விதித்தொகுப்பில் இருப்பவை.

செந்தில்குமார்: கப்பலில் இதே அளவு என்ஜின்களை இருபது வருஷமாக ஓட்டுகிறோம் சார். ப்ரீலூப் (ஸ்டார்ட்டுக்கு முன் பம்பால் ஆயில் ஏற்றுவது) போடுவோம், ஸ்டார்ட் செய்வோம், அவ்வளவுதான். அணுமின் நிலையத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

கப்பலில் ஸ்டார்ட் செய்யும் நேரத்தை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். இங்கே சிக்னல் தீர்மானிக்கிறது. மின்சாரம் போன சிக்னல் வந்ததிலிருந்து சுமார் 10 விநாடிக்குள் என்ஜின் முழு வேகத்தையும் ஜெனரேட்டர் முழு வோல்டேஜையும் எட்டிவிட வேண்டும். அடுத்த அரை நிமிடத்துக்குள் பெரிய பம்ப் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக லோடில் ஏறும். நாள்கணக்கில் நின்ற என்ஜினில் ஆயில் பெரும்பாலும் சம்ப்புக்கு (அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு) வடிந்திருக்கும். பேரிங்கில் மிஞ்சுவது மெல்லிய படலம்தான். என்ஜின் ஓட்டும் மெயின் பம்ப் ஆயிலை இழுத்து, கூலர், ஃபில்டர் எல்லாம் தாண்டிக் கடைசி பேரிங்குக்கு அழுத்தம் கொண்டுபோவதற்குள் அந்த 10 விநாடியில் கணிசமான பகுதி தீர்ந்துவிடும். ஆயில் குளிர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். எஸ்.ஏ.இ. 40 கிரேடு ஆயிலின் பிசுக்குமை (கெட்டித்தன்மை) 100 டிகிரி செல்சியஸில் 14 சென்டிஸ்டோக் என்றால், 40 டிகிரியில் சுமார் 140, 20 டிகிரியில் 450-க்கும் மேல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரம்ப காலத்தில் என்ஜினைக் கெடுத்ததில் டெஸ்ட்டுக்கும் பெரிய பங்கு இருந்தது. ஒவ்வொரு டெஸ்ட்டும் குளிர்ந்த நிலையிலிருந்து 10 விநாடி ஸ்டார்ட்டாகவே இருக்கும். டெஸ்ட்டில் தோற்றால் அடுத்த டெஸ்ட் இன்னும் சீக்கிரம் வரும். அதாவது தேய்ந்த என்ஜினுக்குத்தான் அதிகக் குளிர் ஸ்டார்ட். 1979-இல் என்.ஆர்.சி.க்காகச் செய்யப்பட்ட நம்பகத்தன்மை ஆய்வு ப்ரீலூப்பை வலியுறுத்தியது. 1984 ஜூலையில் என்.ஆர்.சி. எல்லா நிலையங்களுக்கும் அனுப்பிய 84-15 எண்ணுள்ள பொதுக்கடிதம், குளிர்ந்த நிலையில் செய்யும் வேக ஸ்டார்ட்டுகளைக் குறைக்கச் சொன்னது. இன்றைய மாதிரி விதிப்படி மாதாந்தர டெஸ்ட்டை மெதுவாக வேகமேற்றியே செய்யலாம். 10 விநாடி ஸ்டார்ட் 184 நாளுக்கு ஒரு தடவை போதும். திட்டமிட்ட எல்லா டெஸ்ட்டுக்கும் முன்னால் ப்ரீலூப் செய்துகொள்ளவும் அனுமதி உண்டு.

ரேவதி: அப்படியென்றால் ப்ரீலூப் பம்பை 24 மணி நேரமும் ஓடவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

என்ஜினைப் பொறுத்த விஷயம் இது. சிலவற்றில் அதுவே வேறு பிரச்சினையைக் கொண்டுவரும்.

ஃபேர்பேங்க்ஸ் மோர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் மேலே ஒரு கிராங்க்‌ஷாஃப்ட், கீழே ஒன்று. மேல் வரிசை பேரிங்குகளுக்கு இடைவிடாமல் ஆயில் கொடுத்தால், அது மேல் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி சிலிண்டருக்குள் இறங்கும்; அங்கிருந்து கீழே உள்ள எக்ஸாஸ்ட் துளை வழியாக மேனிஃபோல்டில் தேங்கும். லோடு ஏறியதும் அந்த ஆயில் தீப்பிடிக்கும். அதனால் மேல் வரிசைக்கு ப்ரீலூப், திட்டமிட்ட ஸ்டார்ட்டுக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் மட்டும். உண்மையான அவசரத்தில் மேல் பேரிங்குகள் கிட்டத்தட்ட வறண்ட நிலையில்தான் சுழலத் தொடங்கும். ஆகவே இந்த என்ஜினைப் பிரிக்கும்போதெல்லாம் முதலில் பார்க்கவேண்டியது மேல் பேரிங்குகளை.

டி.டி.ஐ. என்ஜின்களில் அடிவாங்கியது டர்போவின் (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் சுழலியின்) த்ரஸ்ட் பேரிங், அதாவது ஷாஃப்டின் நீளவாக்குத் தள்ளலைத் தாங்கும் பேரிங். நிற்கும்போது முழு அழுத்தத்தில் ஆயில் கொடுத்தால் சீலைத் தாண்டி ஒழுகும் என்பதால் சொட்டுச் சொட்டாக விடும் ஏற்பாடு வைத்தார்கள். அடிக்கடி நடக்கும் வேக ஸ்டார்ட்டுக்கு அந்தச் சொட்டு போதவில்லை. பிறகுதான் திட்டமிட்ட ஸ்டார்ட்டுக்கு முன்னால் துணைப் பம்பால் முழு ஓட்டம் கொடுக்கும் முறை சேர்ந்தது. (1983 ஆகஸ்டில் லாங் ஐலண்டின் ஷோரம் நிலையத்தில் டி.டி.ஐ. கிராங்க்‌ஷாஃப்ட் உடைந்ததையும் இதையும் பலர் ஒன்றாகப் பேசுகிறார்கள். ஷாஃப்ட் உடைந்தது முறுக்கு அதிர்வுக்குத் தாங்காத வடிவமைப்பால். ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இ.எம்.டி.யில் ஸ்டார்ட்டின்போது டர்போவைக் கியர்தான் சுழற்றுகிறது. என்ஜின் 900 சுற்றில் இருந்தால் டர்போ சுமார் 16,000 சுற்றில் இருக்கும். இதற்கென்று தனியாக ஒரு சிறிய ஸோக்பேக் பம்ப் உண்டு. ஸ்டார்ட்டுக்கு முன் டர்போ பேரிங்கை நனைப்பதும், நிறுத்திய பிறகு அதன் சூட்டை எடுத்துப்போவதும் அதன் வேலை. என்ஜினை நிறுத்தியாயிற்றே என்று அந்தப் பம்பின் பிரேக்கரையும் அணைத்துவிட்டால், சூட்டில் ஆயில் கரியாகி பேரிங்கில் ஒட்டிக்கொள்ளும்.

அருண்: எங்கள் ஸ்டாண்ட்பை என்ஜினில் லூப் ஆயில் வெப்பநிலை மீட்டர் 50 டிகிரி காட்டுகிறது. ஆனால் பிளாக்கைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. மீட்டர் கெட்டுப்போய்விட்டதா?

மீட்டர் சரியாகத்தான் இருக்கும். அது வைத்திருக்கும் இடம் எது என்று பாருங்கள். சென்சார் ஹீட்டர் வாசலில் இருந்தால், ஆயில் அங்கேயே குட்டையாகச் சுற்றி வந்தாலும் 50 காட்டும். வழக்கமான காரணங்கள் இரண்டு: சுற்றோட்டப் பம்பின் (நிற்கும்போது சூடான ஆயிலைச் சுற்றவிடும் சின்னப் பம்பின்) வெளியேற்றத்தில் உள்ள செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் ஓடவிடுவது) மூடியபடி சிக்கியிருக்கும், அல்லது ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறப்பது) திறந்தபடி நின்று ஆயிலைத் திரும்ப சம்ப்புக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்து ஹீட்டர், ஃபில்டர், கூலர், மெயின் ஹெடர் (பேரிங்குகளுக்கு ஆயில் பிரியும் பெரிய குழாய்) என்று வரிசையாக அளந்துகொண்டே போங்கள். சட்டென்று விழும் இடத்தில் அடைப்பு இருக்கும்.

அதே செக் வால்வு திறந்தபடி சிக்கினால் கதை வேறு. நிற்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். என்ஜின் ஓடியதும் மெயின் பம்பின் ஆயில் சின்னப் பம்ப் வழியாகப் பின்னோக்கிப் போய், அழுத்தம் குறையும். டெஸ்ட் ஓட்டத்தில் சின்னப் பம்பின் ஷாஃப்ட் தலைகீழாகச் சுழல்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். அதற்குச் செலவே கிடையாது.

ஹீட்டருக்கும் பம்புக்கும் இன்டர்லாக் (பம்ப் ஓடாவிட்டால் ஹீட்டர் எரியாத ஏற்பாடு) கட்டாயம். ஓட்டமில்லாத ஆயிலில் ஹீட்டர் எரிந்தால் ஆயில் வெந்து, குழாயில் கரிப்படலம் படியும். பின்னால் அது உரிந்து ஃபில்டருக்கு வரும்.

மீனாட்சி: ஆயில் சோதனையில் 100 டிகிரி பிசுக்குமை 14.6-லிருந்து 12.9 ஆகிவிட்டது. எஸ்.ஏ.இ. 40-க்கு வரம்பு 12.5 முதல் 16.3 வரை என்பதால் 'ஏற்கத்தக்கது' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. விட்டுவிடலாமா?

விடக்கூடாது. 12 சதவீதம் இறங்கியிருக்கிறது. வரம்புக்குள் இருக்கிறது என்பதற்காக அந்த இறக்கம் இல்லையென்று ஆகாது. ஸ்டாண்ட்பை என்ஜினின் ஆயில் வருடத்துக்குச் சில பத்து மணி நேரம்தான் ஓடுகிறது. தானாக மெலிய அதற்கு வழியே இல்லை. டீசல் கலந்திருக்கிறது, அல்லது யாரோ எஸ்.ஏ.இ. 30-ஐ ஊற்றியிருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஃபிளாஷ் பாயின்ட் (ஆயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) பாருங்கள். அது இறங்காமல் பிசுக்குமை மட்டும் இறங்கியிருந்தால் தவறான ஆயில். அதுவும் இறங்கியிருந்தால் டீசல். உங்கள் எண்ணுக்கு மூன்று நான்கு சதவீதம் கலந்திருக்கலாம். கேஸ் குரோமட்டோகிராஃபி செய்தால் துல்லியமாகத் தெரியும். 5 சதவீதத்தை என்ஜினை நிறுத்தவேண்டிய எல்லையாகப் பலரும் வைத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

வழி எது? பல நிலையங்களில் டே டேங்க் (என்ஜினுக்கு நேரடியாக டீசல் தரும் சிறிய தொட்டி) என்ஜினைவிட உயரத்தில் இருக்கும். இன்ஜெக்டரோ, வால்வு மூடிக்குள் போகும் எரிபொருள் குழாயின் இணைப்போ கொஞ்சம் கசிந்தாலும், என்ஜின் நிற்கும் நேரமெல்லாம் டீசல் தன் எடையாலேயே சம்ப்புக்கு இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் என்ஜினைத் தொடாமல் டே டேங்க் மட்டத்தைத் தினம் குறித்துவாருங்கள். பிறகு மூடிகளைக் கழற்றி, என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் கறுப்பு ஆயிலை டீசல் கழுவி, சுற்றியுள்ள உலோகம் பளிச்சென்று தெரியும்.

சாம்பிள் எடுப்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஓடும்போது, அல்லது நிறுத்தி அரை மணிக்குள், எப்போதும் ஒரே இடத்தில், ஃபில்டருக்கு முன்னால் எடுங்கள். குழாய் முனையில் தேங்கிய ஆயிலை முதலில் வடித்துக் கொட்டிவிடுங்கள். புது ஆயில் ஊற்றிய கையோடு எடுக்காதீர்கள், குறை மறைந்துவிடும். 24 மணி நேர முழு லோடு ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் எடுத்தாலும் ஏமாறுவீர்கள், கலந்த டீசலில் ஒரு பங்கு சூட்டில் ஆவியாகியிருக்கும். முன்னும் பின்னும் எடுங்கள். இன்னொன்று: வழக்கமான ஸ்பெக்ட்ரோமீட்டருக்குச் சில மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் சரியாகத் தெரியாது. பேரிங் உலோகங்களான ஈயமும் டின்னும் ரிப்போர்ட்டில் ஏறவில்லை என்பதால் பேரிங் நலம் என்று முடிவுகட்டாதீர்கள். ஃபில்டர் எலிமென்ட்டை அறுத்து விரித்துப் பாருங்கள்.

ஜோசப்: சம்ப் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. டீசல் இல்லை என்று ரிப்போர்ட் சொல்கிறது.

அப்போது தண்ணீர். ஓடும்போது கூலரில் ஆயில் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம் என்பதால் ஓட்டை இருந்தால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். நிற்கும்போது ஆயில் பக்கம் அழுத்தம் குறைவு. மேலே உள்ள ஜாக்கெட் வாட்டர் (என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) டேங்க்கின் உயரம் தண்ணீரை ஆயிலுக்குள் தள்ளும். ஒரே ஓட்டை, இரண்டு திசை. அந்த டேங்க்கின் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலமும் இருந்தால் கூலரைச் சந்தேகியுங்கள். இல்லாவிட்டால் லைனர் சீல், சிலிண்டர் ஹெட். ஆயிலில் சோடியம், போரான் ஏறியிருந்தால் அது ஜாக்கெட் வாட்டரில் போட்ட துருத் தடுப்பான். தண்ணீர் 0.2 சதவீதம் தாண்டினால் ஆயிலை மாற்றவேண்டியதுதான்.

அடுத்த ஸ்டார்ட்டுக்கு முன் இண்டிகேட்டர் காக்குகளை (சிலிண்டருக்குள் திறக்கும் சிறிய வால்வுகளை) திறந்துவைத்து என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அங்கே பீய்ச்சும். அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். சுற்றுவதற்கு முன், என்ஜினை ஸ்டார்ட் செய்யும் அழுத்தக் காற்றை (ஸ்டார்ட்டிங் ஏர்) மூடிவிடுங்கள். அந்த நேரம் முழுக்க இந்த ஜெனரேட்டர் 'இயங்கத்தக்கதல்ல' என்றுதான் கணக்கு. கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லாமல் தொடவே கூடாது.

பாஸ்கர்: இ.எம்.டி.க்கு லாரி டீசல் என்ஜின் ஆயில் ஊற்றலாமா? கிரேடு ஒன்றுதானே?

கூடாது. பழைய 645-இல் பிஸ்டன் பின் பேரிங்கில் வெள்ளிப் பூச்சு இருக்கிறது. சாதாரண என்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாகச் சேர்மம் வெள்ளியை அரிக்கும். இந்த என்ஜினுக்கு ஆயிலில் துத்தநாகம் 10 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குள்) இருக்கவேண்டும். ஒரு பேரலைத் தவறாக ஊற்றினாலும் போதும், மொத்த சம்ப்பும் அந்த அளவைத் தாண்டிவிடும். ஸ்டோர்ஸில் இந்த ஆயிலுக்குத் தனி இடம், தனி கேன், தனி பம்ப். சாம்பிளில் துத்தநாகமும் வெள்ளியும் சேர்ந்து ஏறினால் காரணம் தேடி அலையவேண்டாம்.

ரேவதி: கந்தகம் குறைந்த டீசல் வந்த பிறகு ஆயிலில் மாற்றம் வேண்டுமா?

யோசிக்கவேண்டும். கந்தகம் 500-லிருந்து 15 பி.பி.எம்.-க்கு இறங்கியபோது 2006-இல் என்.ஆர்.சி. இதுபற்றித் தனியாக எச்சரிக்கைக் குறிப்பே அனுப்பியது. அமிலத்தை முறிக்க ஆயிலில் போடும் காரம் வேலையில்லாமல் மிஞ்சினால் பிஸ்டன் மேலும் போர்ட்டுகளிலும் சாம்பலாகப் படியும். என்ஜின் தயாரிப்பாளரிடம் கேட்காமல் கிரேடை மாற்றாதீர்கள்.

அருண்: அவசரத்தில் ஆயில் அழுத்தம் குறைந்தால் என்ஜின் தானாக நிற்குமா?

டெஸ்ட்டில் நிற்கும். உண்மை அவசரத்தில் பெரும்பாலான டிரிப்கள் (என்ஜினைத் தானாக நிறுத்தும் ஏற்பாடுகள்) விலக்கப்பட்டிருக்கும். ஓவர்ஸ்பீடும் (வேகம் மீறினால் நிறுத்துவது) ஜெனரேட்டர் டிஃபரன்ஷியலும் (ஜெனரேட்டருக்குள் மின்பழுது வந்தால் நிறுத்துவது) எப்போதும் உயிரோடு இருக்கும். குறைந்த ஆயில் அழுத்த டிரிப்பை வைத்திருக்கும் இடங்களில், ஒரே சென்சார் சொன்னால் போதாது; மூன்றில் இரண்டு ஒத்துப்போகவேண்டும். ஒரு பொய் சிக்னலுக்காக அணு உலையின் மின்சாரத்தை இழக்க யாரும் தயாராக இல்லை. அதனால் அலாரம் வந்தால் என்ஜின் பக்கத்தில் நிற்பவர் ஹெடர் கேஜைத் தானே பார்த்துச் சொல்லவேண்டும்.

மீனாட்சி: ஏழு நாளுக்கான ஆயில் கையிருப்பு என்கிறார்களே, எப்படிக் கணக்கிடுவது?

4,000 கிலோவாட் என்ஜின், மணிக்குக் கிலோவாட்டுக்கு 0.8 கிராம் ஆயில் செலவு என்று வையுங்கள். மணிக்கு 3.2 கிலோ, ஏழு நாளில் சுமார் 540 கிலோ; லிட்டரில் 600-ஐ ஒட்டி வரும். சம்ப்பில் குறைந்தபட்ச மட்டத்துக்கு மேலே இருப்பதை மட்டும் இதில் சேர்க்கலாம், அடியில் இருப்பது கணக்கில் வராது. கையிருப்பு ஏழு நாளுக்குக் குறைந்து ஆறு நாளுக்கு மேல் இருந்தால் சரிசெய்ய 48 மணி நேரம் தருகிறது மாதிரி விதி. செலவு எண்ணை என்ஜின் புத்தகத்திலிருந்து எடுக்காமல் உங்கள் 24 மணி நேர ஓட்டத்தில் அளந்து எடுங்கள். ரிங் தேய்ந்த என்ஜின் இரட்டிப்பாகவும் குடிக்கும். டிப்ஸ்டிக்கில் ஓடும் மட்டம் வேறு, நிற்கும் மட்டம் வேறு. இரண்டையும் கலந்தால் கணக்கே தவறு.

ஜோசப்: ஃபில்டர் மாற்றிய பிறகு முதல் ஸ்டார்ட்டில் அழுத்த அலாரம் வந்து போகிறது. புது எலிமென்ட்டில் கோளாறா?

எலிமென்ட்டைக் குறை சொல்லாதீர்கள், உள்ளே காற்று இருக்கிறது. ஹவுசிங்கை வடித்தபோது புகுந்த காற்று, ஸ்டார்ட் ஆனதும் ஒரே கட்டியாக பேரிங்குக்குப் போகிறது. மூடியை இறுக்கியதும் சுற்றோட்டப் பம்பை ஓட்டி, ஹவுசிங் தலையிலுள்ள வென்ட்டைத் திறந்து, குமிழில்லாமல் ஆயில் வரும்வரை விடுங்கள், ஸ்ட்ரெய்னருக்கும் அப்படியே. ஹவுசிங் நிரம்பிய அளவுக்கு சம்ப் மட்டம் இறங்கியிருக்கும், ஊற்றிச் சரிசெய்யுங்கள். பிறகு வென்ட் மூடியிருக்கிறதா என்று இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.