ரோலர் கொட்டகையைத் தச்சுப் பட்டறையாக்க: முதல் செலவு தரைக்கும் கூரைக்கும்

கேள்வி: அருமனைக்கு அருகே, எங்கள் வீட்டின் பின்புறம் ரோலரில் ரப்பர் ஷீட் அடித்துவந்த பழைய கொட்டகை ஒன்று இருக்கிறது. 10 அடிக்கு 14 அடி. செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இப்போது ரப்பரைப் பாலாகவே விற்றுவிடுவதால் கொட்டகை சும்மா கிடக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு மரவேலை கற்றுவருகிறேன். மேசை ரம்பம் ஒன்றும் இழைப்பு இயந்திரம் ஒன்றும் வாங்க நினைக்கிறேன். தோட்டத்தில் பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டப்போகிறோம். அவற்றையே அறுத்துப் பயன்படுத்தலாமா? கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தரையிலிருந்து தொடங்குங்கள். மேசை ரம்பம் ஒரு வருடம் காத்திருக்கட்டும். உங்கள் பணத்தில் பாதியையாவது தரை, கூரை, மின்கம்பி ஆகியவற்றுக்கு ஒதுக்கச் சொல்வேன். கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் மரவேலை செய்பவருக்கு முதல் எதிரி ஈரம். ஜூனில் தொடங்கும் மழையும் நமக்குத்தான், அக்டோபரில் தொடங்கும் மழையும் நமக்குத்தான். காய்ந்த ஊரில் எழுதப்பட்ட பட்டறைக் குறிப்புகளை அப்படியே இங்கே பின்பற்றினால் வாங்கிய இரும்பு துருப்பிடிக்கும், செய்த பெட்டி திறக்காது.

ஈரம் மரத்தை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரத்தை வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரம் ஏறக்குறைய 12 சதவீத ஈரத்தில் நிற்கும். காற்று 80 சதவீதத்தைத் தொட்டால் மரம் 16 சதவீதத்தை நெருங்கும். இந்த நான்கு சதவீத வித்தியாசத்தில், 60 செ.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை, அதிலும் வருட வளையங்களுக்கு இணையாக அறுத்த பலகை, சுமார் 5 மி.மீ. விரியும். குறைவாக விரியும் மரம் என்று பெயரெடுத்த தேக்குக்கே இந்தக் கணக்கு. பிப்ரவரியில் இறுக்கமாகப் பொருத்திய இழுப்பறை ஜூலையில் அசையாமல் நிற்பதற்கும், மேசைப் பலகையை நான்கு பக்கமும் பசை போட்டு அடைத்தால் நடுவில் பிளப்பதற்கும் இதுவே காரணம்.

இனி கொட்டகை. ஷீட் அடிக்கும் கொட்டகையின் தரை, தண்ணீர் வழிந்தோட வேண்டும் என்பதற்காகச் சரிவாகப் போடப்பட்டிருக்கும். பட்டறைக்கு அது ஆகாது. சரிந்த தரையில் இயந்திரமும் ஆடும், மேசையும் ஆடும். பழைய தரைமேல் தடித்த பாலித்தீன் விரிப்பைப் பரப்பி, விளிம்புகளைச் சுவரில் சற்று ஏற்றிவிட்டு, அதன்மேல் 3 அல்லது 4 அங்குலக் கான்கிரீட் போடுங்கள். முடிவில் தரைமட்டம் வெளிமுற்றத்தைவிட அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். மழை ஓய்ந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் போட்டு, நன்றாக நனைத்துப் பதப்படுத்தி, பிறகு காய விடுங்கள். காய்ந்துவிட்டதா என்று அறிய எளிய சோதனை உண்டு. இரண்டடிச் சதுரமான கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் தரை இன்னும் ஈரம் விட்டுக்கொண்டிருக்கிறது. அதன்மேல் மரமோ இயந்திரமோ வைக்க வேண்டாம்.

கூரைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். அதில் விளக்கு மாட்டத் துளை போடுவது, பாசியைச் சுரண்டுவது, உடைந்த ஓரத்தை அறுப்பது எதையும் செய்யாதீர்கள். மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். ஷீட்டை நன்றாக நனைத்து, முகமூடி அணிந்து, உடைக்காமல் முழுசாகக் கழற்ற வேண்டும். அதற்குப் பதிலாக வெறும் தகரம் போட்டால் இரவு குளிர்ந்து, விடியற்காலையில் உட்பக்கம் நீர்த்துளி கோத்து உங்கள் இயந்திரத்தின் தலையில் சொட்டும். நம் பகுதிக்கு மங்களூர் ஓடுதான் பொருத்தம். பழைய வீடு இடிக்கும் இடங்களில் நல்ல ஓடுகள் கிடைக்கின்றன. ஓட்டின் எடையைத் தாங்கும் அளவுக்குக் கைமரம் இருக்கிறதா என்று மட்டும் கொத்தனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தை இரண்டரை அடியாவது வெளியே நீட்டுங்கள். பெரிய கதவு கிழக்கிலோ வடக்கிலோ இருக்கட்டும். சாரல் மேற்கிலிருந்துதான் அடிக்கும்.

ஷீட் அடித்த இடம் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். பால் உறைய ஊற்றும் ஆசிட் கேன் இன்னும் அங்கேயே ஒரு மூலையில் இருக்கிறதா? மூடி இறுகியிருந்தாலும் அதன் ஆவி கசியும். உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் ஒரே மழைக்காலத்தில் சிவந்துவிடும். அதை முதலில் வெளியேற்றுங்கள். சுவரையும் கழுவி, சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒன்றரைக் குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது 8, 9 ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். வீட்டிலிருந்து கொட்டகை 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் அந்த நொடியில் 20 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே தொலைந்துபோகும். மாலை நேரத்தில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக இருந்தால் மோட்டார் முனகும், சூடேறும், சீக்கிரமே எரிந்துபோகும். 4 சதுர மி.மீ. கம்பி போட்டால் இழப்பு 14 வோல்ட் அளவுக்குக் குறையும். தூரம் இன்னும் அதிகம் என்றால் 6. கொட்டகைக்கெனத் தனி எர்த், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இரண்டும் கட்டாயம், ஈரத் தரையில் நின்று வேலை செய்பவரின் உயிரைக் காப்பவை அவை. மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது தானாக ஓடத் தொடங்காத சுவிட்ச் உள்ள இயந்திரமாகப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் போனதும் பிளேடைக் கையால் துடைக்கப் போகிறவர்கள் உண்டு.

உங்கள் ரப்பர் மரத்துக்கு வருகிறேன். வெட்டி, அறுத்து, அப்படியே அடுக்கிவைத்துப் பயன்படுத்தலாம் என்றால், கூடாது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிக அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாய்ந்த பூஞ்சைக் கறை ஏறிவிடும். பிறகு துளைப்பான் வண்டு வரும். மேசையின் அடியில் மைதாபோல மெல்லிய தூள் குவிந்திருப்பதைப் பார்க்கும்போது மரம் உள்ளே உளுத்திருக்கும். தொழிற்சாலைகளில் மரத்தை அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் காயவைத்து விற்கிறார்கள். அந்தப் பலகை நல்ல பலகை. வெளிர் நிறம், இழைப்புக்கு இதம், பசை நன்றாகப் பிடிக்கும். நாற்காலியும் அலமாரியும் தாராளமாகச் செய்யலாம். வீட்டுக்குள் மட்டும் வையுங்கள். மழையில் நனைந்தால் ஏற்றிய போராக்ஸ் மருந்து கரைந்து போய்விடும். ஆகவே உங்கள் மரத்தை வியாபாரிக்கு விற்றுவிட்டு, பதப்படுத்திய ரப்பர் பலகையாக வாங்கிக்கொள்ளுங்கள். வருமானத்தில் இழப்பு ஒன்றும் இல்லை, மனக்கஷ்டமும் இல்லை.

சொந்த மரம்தான் வேண்டும் என்று ஆசை இருந்தால் அயினியும் பலாவும் நம் வீட்டுப் பறம்புகளிலேயே நிற்கின்றன. வைரம் பாய்ந்த அயினி கறையானுக்கு எளிதில் இடம் கொடுக்காது. படகு கட்டிய மரம் அது. வெளி விளிம்பில் உள்ள வெள்ளையை மட்டும் தயங்காமல் கழித்துவிடுங்கள். அறுத்த பலகைகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, இடையில் ஓரங்குலச் சட்டங்கள் கொடுத்து அடுக்குங்கள். சட்டங்கள் இரண்டடிக்கு ஒன்று, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கோடு விலகினால் பலகை அந்த இடத்தில் வளையும். இரு முனைகளிலும் பெயின்ட் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் முனையிலிருந்து வெடிக்கும். ஓரங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது ஆசாரிமார் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. நம் மழைக்கு அதையும் முழுதாக நம்ப முடியாது.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வழி உண்டு. பலகையின் முனையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி ஒரு சிறு வில்லை அறுத்து, சமையலறை எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 62 கிராம் என்று வையுங்கள். கேக் அடுப்பில் 103 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து நிறுங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். 50 கிராமில் நின்றால், போன தண்ணீர் 12 கிராம். 12ஐ 50ஆல் வகுத்தால் 24 சதவீத ஈரம். இன்னும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய மரம் அது. 14க்குக் கீழே வந்தபின் கதவுக்கும் அலமாரிக்கும் எடுங்கள்.

இயந்திரங்கள். 14 அடி நீளக் கொட்டகையில் 8 அடிப் பலகையை மேசை ரம்பத்தில் தள்ள முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி வேண்டும். இடம் போதாது. ரம்பத்தின் வெளிவாய் கதவை நோக்கி இருக்கும்படி நிறுத்தினால் பலகை முற்றத்துக்குப் போகும். இதைத் தரை போடும் முன்பே சாக்பீஸால் வரைந்து பாருங்கள். இழைப்பு இயந்திரம் இப்போதைக்குத் தேவையே இல்லை. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் உள்ள மில்களில் கூலிக்கு இழைத்துத் தருவார்கள். இயந்திர விலையில் பல வருட இழைப்புக் கூலி அடங்கிவிடும், கொட்டகையில் தூளும் பாதியாகும். பிளைவுட்டையும் கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்குங்கள்.

முதல் வருடத்துக்கு நல்ல கனமான வேலைமேசை, கையில் பிடிக்கும் வட்ட ரம்பம், துளையிடும் இயந்திரம், இரண்டு இழைப்புளி, நான்கு உளி, சாணைக்கல், மூலைமட்டம், ஆறு கிளாம்ப் போதும். மேசை உங்கள் மணிக்கட்டு உயரத்தில் இருக்கட்டும். வடக்கு ஜன்னலுக்குக் கீழே போடுங்கள், நாள் முழுதும் நிழல் விழாத வெளிச்சம் கிடைக்கும். வேலை முடிந்ததும் இரும்பின்மேல் தையல் இயந்திர எண்ணெயைத் துணியால் ஒற்றிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

பிறகு மேசை ரம்பம் வாங்கும்போது, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிரிப்புத் தகடு இல்லாத ரம்பம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அறுபட்ட வாய் மூடி பிளேடைக் கவ்வினால் பலகை உங்கள் வயிற்றை நோக்கிப் பாயும். அதைத் தடுப்பது அந்தத் தகடுதான். பலகையின் கடைசி ஓரடியைக் கையால் தள்ளாமல் தள்ளுகோலால் தள்ளுங்கள். கைலி, தோளில் துண்டு, கையுறை மூன்றும் பட்டறை வாசலுக்கு வெளியே. வீட்டில் கைலியோடு இருப்பது நம் வழக்கம், அதனால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

மரத்தூளும் லேசான விஷயம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995ஆம் ஆண்டிலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. கைக்குட்டை கட்டினால் போதாது. என்95 முகமூடி போடுங்கள். துடைப்பத்தால் கூட்டினால் நுண்தூள் மறுபடி எழும்பும், ஆகவே உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகு குப்பையில் போடுங்கள். அரக்குப் பாலிஷை மழை நாளில் பூசினால் பால்போல வெளுத்துவிடும், வெயில் நாள் பார்த்து வையுங்கள்.

களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்திலிருந்து மரம் வாங்குவதாக இருந்தால், குறிப்பாகத் தேக்கும் ஈட்டியும் என்றால், பில்லும் வனத்துறை அனுமதிச் சீட்டும் கையில் இல்லாமல் வண்டி ஏற்றாதீர்கள். எந்த மரத்துக்கு எந்தச் சீட்டு என்பதை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடலாம். செய்த பொருளை விற்கத் தொடங்கும் நாளில் வீட்டு மின்இணைப்பு போதாது. கொட்டகைக்குத் தனி இணைப்பும் உள்ளாட்சி உரிமமும் எடுக்க வேண்டியிருக்கும்.