கை பெருத்தது, பிடி நிற்கவில்லை

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். எனக்கு 19 வயது, மன்னார்குடி பக்கம். கல்லூரிக் கபடி அணியில் லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவராக ஆடுகிறேன். ஒரு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். எடை 64 கிலோவிலிருந்து 71 ஆகியிருக்கிறது, கை நன்றாகப் பெருத்துவிட்டது. பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மார்புக்கு மேல் பாரம் தூக்குவது) 60 கிலோ ஐந்து முறை தூக்குகிறேன். ஆனால் ஆட்டத்தில் கணுக்காலைப் பிடித்தால் ரைடர் (பாடி வரும் எதிரணிக்காரர்) உதறிவிட்டுப் போய்விடுகிறார். என்னைவிட ஒல்லியான எங்கள் ரைட் கார்னர் பிடித்தால் விடுவதே இல்லை. என் பலத்தை எப்படி டெஸ்ட் செய்வது, எப்படிக் கூட்டுவது? ஊசி போட்டால் இரண்டே மாதத்தில் சரியாகும் என்று ஜிம்மில் ஒரு அண்ணன் சொல்கிறார். இன்னொன்று, திடீரென்று திரும்பும்போது இடது முழங்கால் சில சமயம் நழுவுவது போல இருக்கிறது. வலி இல்லை.

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் விஷயம்.

திரும்பும்போது முழங்கால் நழுவுகிறது என்றால் உள்ளே எலும்போடு எலும்பைக் கட்டும் முன் சிலுவைத் தசைநாரோ (ஏசிஎல்), குருத்தெலும்பு வட்டோ அடிபட்டிருக்கலாம். வலி இல்லாததால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக் கூடாது. பழைய தசைநார்க் கிழிசலில் வலி அடங்கிப்போய், நழுவல் மட்டும் மிஞ்சியிருப்பது உண்டு. ஓர் எலும்பு மருத்துவர் கையால் முழங்காலை இழுத்துப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார், தேவையென்றால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார். அதுவரை களத்தில் இறங்க வேண்டாம். கீழே நான் சொல்லும் குதிப்பு, ஒற்றைக்கால் சோதனை, கால் பயிற்சி எல்லாமே மருத்துவர் சரி என்ற பிறகுதான்.

இந்த முழங்காலுக்கும் நீங்கள் கேட்ட பலத்துக்கும் சம்பந்தம் உண்டு. மூட்டில் கொஞ்சம் நீர் கோத்தாலே தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடம்பு தானாகவே குறைத்துவிடும். தசை அப்படியே இருக்கும், பலம் குறைந்துவிடும். அதாவது பலத்தில் தசையின் பருமன் ஒரு பங்குதான். அந்தத் தசையை நரம்பு எவ்வளவு முழுமையாக, எவ்வளவு சீக்கிரம் வேலைக்கு இழுக்கிறது என்பது இன்னொரு பங்கு.

ஒரு நரம்பு அணு, அது இயக்கும் தசை இழைகள், இரண்டும் சேர்ந்து ஒரு குழு. ஒவ்வொரு தசையிலும் இப்படிப் பல குழுக்கள். லேசான வேலைக்குச் சின்னக் குழுக்கள் மட்டும் எழும். பெரிய, வேகமான குழுக்கள் பாரம் அதிகமாக இருந்தாலோ, முழு வேகத்தில் முயன்றாலோதான் முழுசாக எழுந்து வரும். புதிதாகப் பயிற்சி தொடங்குகிறவர்களுக்கு முதல் சில வாரங்களில் தசை கண்ணுக்குத் தெரியும்படி வளர்வதற்கு முன்பே தூக்கும் எடை ஏறுவது இதனால்தான், நரம்பு பழகிக்கொள்கிறது. உங்கள் ரைட் கார்னர் நண்பருக்குக் கை ஒல்லியாக இருக்கலாம், நரம்பு நன்றாகப் பழகியிருக்கும்.

அடுத்தது நேரம். ஒரு தசை தன் முழு விசையைத் திரட்ட 0.3 நொடிக்கு மேல் ஆகும். ரைடர் காலை உதறுவது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆக, பெஞ்சில் நிதானமாக 60 கிலோ தூக்கும் பலத்தில் ஒரு துண்டுதான் அந்தப் பிடிக்குக் கிடைக்கிறது. இன்னொரு கணக்கையும் பாருங்கள். அவர் உதறுவது தொடையாலும் பிட்டத்தாலும், உடம்பிலேயே பெரிய தசைகள் அவை. நீங்கள் எதிர்ப்பது விரல்களால் என்றால் யார் ஜெயிப்பார்? விரல் கவ்விய அதே கணத்தில் தோள், முதுகு, இடுப்பு எல்லாம் பின்னால் வந்து சேர வேண்டும். பைசெப்ஸுக்கு (மேல்கையின் முன்பக்கத் தசை) இதில் சின்ன வேடம்தான். ஜிம் கண்ணாடியில் முதுகு தெரியாது, அதனால் யாரும் முதுகுக்குப் பயிற்சி செய்வதில்லை என்பது என் பழைய புலம்பல்.

சரி, சோதனைக்கு வருவோம். அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று ஒரே தூக்கலில் முயன்று பார்க்க வேண்டாம். ஐந்து முறை தூக்கிய எடையிலிருந்தே கணக்குப் போடலாம். முறைகளின் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். உங்கள் 60 கிலோவுக்கு 70 கிலோ வருகிறது, கிட்டத்தட்ட உங்கள் உடல் எடை. மோசமில்லை, ஆனால் கார்னர் ஆட்டக்காரருக்கு இந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. இதே கணக்கை ஸ்குவாட்டுக்கும் (பாரத்தோடு உட்கார்ந்து எழுவது) டெட்லிஃப்டுக்கும் (தரையிலிருந்து பாரம் தூக்குவது) போட்டு, உடல் எடையால் வகுத்து எழுதி வையுங்கள்.

எனக்குப் பிடித்த சோதனை ஒரு சாக்குக்கட்டியும் சுவரும்தான். விரல் நுனியில் சாக்குக்கட்டிப் பொடியைத் தடவி, நின்றபடி கை எட்டும் உயரத்தில் ஒரு குறி. பிறகு நின்ற இடத்திலிருந்து எம்பி ஒரு குறி. மூன்று முறை எம்பி, சிறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குறிக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் எண். எடை ஏழு கிலோ ஏறி இந்த இடைவெளி குறைந்திருந்தால், ஏறிய எடையைக் களத்தில் சும்மா சுமந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிடி வலிமையை அளக்கும் கைக்கருவி பிசியோதெரபிஸ்டிடம் இருக்கும். இல்லாவிட்டால் கம்பியில் ஒரு துண்டைப் போட்டு, அதைப் பிடித்து எத்தனை நொடி தொங்குகிறீர்கள் என்று பாருங்கள். நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலில் எத்தனை முறை எழ முடிகிறது என்று இரண்டு காலுக்கும் தனித்தனியாக எண்ணுங்கள். இடது கால் நன்றாகப் பின்தங்கினால் அதைப் பிசியோவிடம் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், உடம்பைச் சூடுபடுத்திக்கொண்டு செய்யுங்கள். மின்னொளிப் போட்டியில் விடிய விடிய ஆடிவிட்டு மறுநாள் அளந்தால் வரும் எண் பொய் சொல்லும்.

பயிற்சியில் பெரிதாக எதையும் சேர்க்க வேண்டாம், கொஞ்சம் மாற்றினால் போதும். பன்னிரண்டு, பதினைந்து முறை தூக்கி, மூச்சு வாங்குவதற்குள் அடுத்த செட் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கை பெருக்க அது போதும். பலத்துக்கு வாரம் இரண்டு நாள், ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல் அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) மாதிரி பெரிய அசைவுகள், நான்கிலிருந்து ஆறு முறை தூக்கக்கூடிய பாரம், மூன்று நான்கு செட். நடுவே மூன்று நிமிடம் ஓய்வு. பக்கத்தில் இருப்பவர் சிரித்தாலும் சும்மா உட்காருங்கள். இன்னும் ஒரு முறை தூக்கலாம் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். குதிப்பு, குறுகிய தூர வேக ஓட்டம் போன்ற வேக வேலைகளை உடம்பு களைப்பதற்கு முன், ஆரம்பத்திலேயே முடித்துவிட வேண்டும்.

பிடிக்கென்று தனியாக ஒன்று. தசை சுருங்கும்போது தரும் விசையைவிட, எதிர்த்துக்கொண்டே நீளும்போது தரும் விசை அதிகம். ரைடர் உங்களை இழுக்கும்போது நடப்பது இதுதான். அதனால் புல் அப்பில் மேலே போவதைவிட, நான்கு நொடி எடுத்துக் கீழே இறங்குவதில் கவனம் வையுங்கள். நண்பர் ஒருவர் துண்டை வெடுக்கென்று இழுக்க, நீங்கள் குனிந்த நிலையில் மூன்று நொடி விடாமல் நிற்பது இன்னும் நல்லது. இரண்டு கையிலும் நிறை வாளித் தண்ணீரோடு நடப்பதற்குக் காசே வேண்டாம். முதல் வாரம் ஒன்றிரண்டு நாள் உடம்பு வலிக்கும், போட்டி இருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள். ஆனால் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது சாதாரண வலி இல்லை, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டில் கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால் உங்களுக்கு நாளுக்கு 110 கிராம் சொச்சம். ஒரு முட்டையில் 6 கிராம். முட்டை, மீன், கோழி, பால், சுண்டல், நிலக்கடலை என்று மூன்று வேளைக்கும் பிரித்தால் எட்டிவிடலாம். பவுடர் கட்டாயமில்லை.

அப்புறம் அந்த ஊசி. பெரும்பாலும் அது ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் வந்தால் உங்கள் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். விதைகள் சுருங்கும், விந்தணு குறையும், மார்பு வீங்கலாம், இதயமும் கெடலாம். தசை வளரும் வேகத்துக்கு, தசையை எலும்போடு கட்டும் தசைநாண் ஈடுகொடுக்காமல் அறுந்துபோனவர்களும் உண்டு. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் ஆண்டுக்கணக்கில் தடை. இரண்டு மாதத்தில் என்ன அவசரம்? உங்கள் பக்கத்து தஞ்சை மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன் 2016-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் டிஃபெண்டராக ஆடியபோது அவருக்கு வயது 41.

முழங்காலைக் காட்டிவிட்டு, மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவர் அனுமதித்த பிறகு சுவரில் போட்ட இரண்டு குறிகளுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.