கடிதத்தில் போன கரேவ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'க்ரேஸ் அனாடமி' என்ற அமெரிக்க மருத்துவத் தொடரை 16ஆம் சீசனோடு நிறுத்திவிட்டேன். மனைவி ஜோவை அவ்வளவு நேசித்த டாக்டர் அலெக்ஸ் கரேவ், நாலு பேருக்குக் கடிதம் எழுதிவிட்டு முன்னாள் மனைவி இஸ்ஸியிடம் போய்விட்டான் என்பதை ஏற்கவே முடியவில்லை. ஒரு பாத்திரத்தைக் கடிதத்தில் அனுப்புவது பார்ப்பவர்களுக்கு அவமரியாதை. டாக்டர் டெரெக்கைப் போல இவனையும் சாகடித்திருக்கலாம். இனி பார்க்க ஏதாவது இருக்கிறதா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் குற்றம் கடிதத்தின்மேல் இல்லை. 'ஈ.ஆர்.' தொடரில் டாக்டர் மார்க் கிரீனின் மரணமும் கடிதமாகத்தான் மருத்துவமனைக்கு வந்தது. 2002 மே மாத எபிசோட் அது. கிரீன் எழுதியதைச் சக டாக்டர் கார்ட்டர் எல்லோருக்கும் வாசிக்கிறார். கூடவே வந்த மனைவி எலிசபெத்தின் கடிதத்தில்தான் கிரீன் இறந்த செய்தி இருக்கிறது. கிரீனுக்கு மூளைக்கட்டி 7ஆம் சீசனிலேயே வந்துவிட்டது. அறுவை சிகிச்சை, தேறியது, 8ஆம் சீசனில் கட்டி திரும்பியது, இனி சிகிச்சை வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தது என எல்லாம் நம் கண்முன் நடந்தன. அடுத்த வாரமே ஹவாயில் அவரது கடைசி நாட்களையும் காட்டினார்கள்.

அலெக்ஸுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அவனாக நடித்த ஜஸ்டின் சேம்பர்ஸ் கடைசியாகத் திரையில் வந்தது 2019 நவம்பரில். விலகல் செய்தி 2020 ஜனவரியில் வந்தது, கடிதங்கள் மார்ச்சில். நடுவில், அயோவாவில் அம்மாவைக் கவனித்துக்கொள்கிறான் என்று வசனத்திலேயே சமாளித்தார்கள். நடிகர் போனபின் எழுதுபவர்களிடம் மிஞ்சுவது குரலும் பழைய காட்சிகளும்தான்.

கதைக் காரணம் உறுதியானது என்றே சொல்வேன். 5ஆம் சீசனில் இஸ்ஸிக்குப் புற்றுநோய் வந்தபோது அவளும் அலெக்ஸும் சேர்ந்து கருக்களை உறைய வைத்தார்கள். கான்சாஸில் இஸ்ஸி வளர்க்கும் இரட்டைக் குழந்தைகள் அதிலிருந்து வந்தவர்கள். தோழியும் தொடரின் நாயகியுமான மெரிடித்தின் மருத்துவ உரிம விசாரணைக்கு ஆதரவு கேட்டு இஸ்ஸிக்குப் போன் செய்தபோதுதான் அலெக்ஸுக்கு விஷயம் தெரிகிறது. அப்பா விட்டுப்போன வீட்டில் வளர்ந்தவன் தன் பிள்ளைகளிடம் ஓடுவான், நம்புகிறேன். ஜோவின் முகத்தைப் பார்க்காமல் போவான் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. அவன் தடுமாறும் ஒரே ஒரு காட்சி இருந்திருந்தால் நீங்களும் மன்னித்திருப்பீர்கள்.

சாகடித்திருக்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை. 2015இல் மெரிடித்தின் கணவர் டெரெக் இறந்த எபிசோடில், அவராக நடித்த பேட்ரிக் டெம்ப்சி இருந்தார். விபத்தில் அடிபட்டுப் பேச முடியாமல் படுத்திருக்கும் நரம்பியல் அறுவை நிபுணர் டெரெக், தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லி மனசுக்குள் மன்றாடுகிறார். அது கேட்பது நமக்கு மட்டும்தான். பெரிய விபத்துகளைக் கையாளும் வசதியில்லாத மருத்துவமனை, வயிற்று ரத்தக்கசிவின் பின்னால் ஓடும் டாக்டர்கள், கண்பாவை விரிந்து மூளைக் காயம் தெரிந்தபின் வரும் பதற்றம், தாமதமாக வரும் நிபுணர். ஒவ்வொரு தவறும் நடக்கக்கூடியது, அதனால்தான் அவ்வளவு வலித்தது. அலெக்ஸின் மரணம் வெறும் போன் தகவலாகவே வந்திருக்கும்.

டாக்டர் கிறிஸ்டினாவாக நடித்த சாண்ட்ரா ஓ போகப்போவதை 2013இலேயே அறிவித்துவிட்டார். அதனால் எழுதுபவர்களுக்கு 10ஆம் சீசன் முழுவதும் கிடைத்தது. மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும் அறக்கட்டளையே விருதும் கொடுப்பதால் கிறிஸ்டினாவுக்கு விருது கிடைக்காமல் போகிறது. சூரிக்கிலிருந்து வேலை வாய்ப்பு வருகிறது. அவள் விலகல் மருத்துவமனையின் நிலைமையிலிருந்தே பிறந்தது. இந்தத் தொடரின் மிகச் சிறந்த பிரிவு என்பேன்.

இனி பார்க்க இருக்கிறதா என்றால், 17ஆம் சீசனை ஜோவுக்காகப் பாருங்கள். பொது அறுவை சிகிச்சைப் பிரிவை விட்டு மகப்பேறு மருத்துவத்துக்கு மாறுகிறாள், ஒரு குழந்தையைத் தத்தெடுக்கிறாள். அலெக்ஸுக்குக் கிடைக்காத நிதானம் அவள் கதைக்குக் கிடைத்திருக்கிறது.