கேசட்டில் கீச்சுச் சத்தம்: சிந்தசைசர் கேள்வி – பதில்

கேள்வி: கோர்க் கம்பெனியின் பழைய பாலிசிக்ஸ் சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) ஒன்று வாங்கினேன். விற்றவர் ஒரு கேசட்டும் கொடுத்து, ‘சவுண்டு எல்லாம் இதில் இருக்கு’ என்றார். டெக்கில் போட்டால் காதைக் குடைகிற கீச்சுச் சத்தம்தான் வருகிறது. கேசட் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, அந்தச் சத்தம்தான் சரக்கே, தயவுசெய்து அதன் மேல் வேறு எதையும் பதிவு செய்துவிடாதீர்கள். 1981-இல் வந்த பாலிசிக்ஸ் 32 ஒலிகளை நினைவில் வைத்துக்கொள்ளும். ஃபில்டர் குமிழ் எங்கே நிற்கிறது, எந்த ஸ்விட்ச் போட்டிருக்கிறது என்கிற எண்கள்தான் அந்த நினைவு. அந்த எண்களை 0, 1 என்று உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி கொடுத்து டேப்பில் ஊதிவிடுவார்கள். அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் இதே வழிதான்; 1975-இல் பேசி முடிவான கான்சாஸ் சிட்டி முறையில் 0-க்கு 1200 ஹெர்ட்ஸ், 1-க்கு 2400 ஹெர்ட்ஸ், வினாடிக்கு 300 பிட். சிந்தசைசர் கம்பெனிகள் ஆளுக்கொரு முறை வைத்திருந்ததால் ஒரு கம்பெனியின் டேப்பை இன்னொன்றின் மெஷின் படிக்காது.

கேசட்டை மெஷினில் ஏற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஏற்றினால் இப்போது உள்ளே இருக்கும் 32-உம் அழிந்து புதியவை உட்காரும், அதனால் முதலில் உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் பல நாள் உட்கார்ந்து செய்த ஒலிகள் இருக்கலாம், வேறு எங்கும் அவை கிடைக்காது. அப்புறம் கேசட்டையும் அப்படியே கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். டெக்கில் இரைச்சல் குறைக்கும் டால்பி ஸ்விட்ச் ஆஃபில் இருக்கட்டும். வேறு டெக்கில் பதிவான டேப் என்றால் சத்தம் மந்தமாகக் கேட்கும். டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைக் கடுகளவு திருப்பிப் பாருங்கள், கீச்சு எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். இடது, வலது இரண்டையும் கலக்காமல் தெளிவாக இருக்கும் ஒரு சேனலை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது, கலந்தால் இரண்டுக்கும் உள்ள நூலிழை வித்தியாசத்தில் மேல் சுருதிகள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

கேள்வி: போனிலேயே ரெக்கார்டு செய்து எம்பி3-யாக வைத்தால் போதாதா?

பதில்: வேண்டாம். மனிதக் காதுக்குத் தேவையில்லாததை வெட்டி எறிவதுதான் எம்பி3-யின் வேலை, இங்கே கேட்கப்போவது மனிதக் காது இல்லை. சில நேரம் வேலை செய்யும், அதை நம்பி ஒரே காப்பியை வைக்க முடியாது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் ஃபைல் போதும், ஆடாசிட்டி என்ற மென்பொருளில் இலவசமாகவே செய்யலாம். இரைச்சல் நீக்குவது, பாஸ் கூட்டுவது எதுவும் கூடாது. போனின் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் பிடிப்பது சுத்தமாக உதவாது, கேபிள் போட்டே எடுங்கள். நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், ஆடியோவாகப் போனால் வழியில் சுருக்கப்பட்டுவிடலாம்.

சேவ் செய்ததும் வெரிஃபை கொடுத்துப் பாருங்கள். மெஷின் தன் நினைவையும் நீங்கள் திரும்ப ஓட்டிக் காட்டும் சத்தத்தையும் ஒப்பிட்டுச் சொல்லும், இதில் எதுவும் அழியாது. பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தமான விஷயம். தேறவில்லை என்றால் முதலில் வால்யூமைப் பாருங்கள். ரொம்பக் குறைந்தாலும் தப்பு, அலை உச்சியில் வெட்டுப்படும் அளவுக்குக் கூடினாலும் தப்பு. முக்கால்வாசியில் ஆரம்பித்து மேலும் கீழும் நகர்த்துங்கள்.

கேள்வி: பேட்டரி மாற்றவேண்டும் என்கிறார்களே, அவசரமா?

பதில்: பாலிசிக்ஸுக்கு ரொம்ப அவசரம். உள்ளே கேஎல்எம்-367 என்ற போர்டில் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றை சால்டர் செய்திருப்பார்கள், வயதானால் அது ஒழுகும், ஒழுகுவது காரம், போர்டின் செம்புக் கோடுகளை அரித்துத் தின்னும். பச்சையாகப் பூத்திருந்தால் பேட்டரியை எடுத்துவிட்டு வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யவேண்டும். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். பேட்டரியைக் கழற்றினால் நினைவு போய்விடும், அதனால்தான் டேப் சேவ் முதலில்.

கேள்வி: என்னிடம் ரோலண்ட் ஜூனோ-106 இருக்கிறது. எனக்கும் கேசட் வேலைதானா?

பதில்: உங்களுக்கு இரண்டு வழி. 1984-இல் வந்த மெஷின், மிடி (இசைக்கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் இணைப்பு) உண்டு, ஒலிகளை சிஸெக்ஸ் என்ற மிடி செய்தியாகவும் கம்ப்யூட்டருக்கு அனுப்பலாம். ஒரு ஒலிக்கு 18 பைட்தான், மெஷினில் உள்ள 128 ஒலிகளும் சேர்ந்து 2304 பைட். நான் டேப், சிஸெக்ஸ் இரண்டையும் வைத்துக்கொள்வேன். டேப்பிலிருந்து ஏற்றும்போது பின்பக்கம் நினைவைப் பூட்டி வைக்கும் மெமரி ப்ரொடெக்ட் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கட்டும், முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்யுங்கள். இதற்கு முந்தைய ஜூனோ-60-இல் மிடி கிடையாது, அதன் 56 ஒலிகளுக்கும் டேப்தான் வாசல்.