கேள்வி பதில்: மாடியில் கணினி, அடுக்களையில் மைக்

வீட்டு விளக்கு, மோட்டார் முதலியவற்றைக் குரலால் இயக்க ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை நிறுவியிருக்கும் நம் குமரி மாவட்டத்து அன்பர்கள், கணினி இல்லாத அறைகளில் மைக் பொருத்துவது குறித்துக் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துள்ளேன்.

தக்கலை அன்பர்: அண்ணாச்சி, கணினி மாடியில் இருக்கிறது. அதிலிருந்து மைக் ஒயரை அடுக்களை வரை நீட்டிவிட்டால் போதாதா?

போதாது. சாதாரண மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் அளவே என்பதால், அந்த ஒயர் கரண்ட் ஒயர் செல்லும் பைப்பை ஒட்டிச் சென்றாலே 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதில் ஏறிவிடும். யுஎஸ்பி மைக் வாங்கினாலும் கேபிள் 5 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. ஆகவே மைக்கின் அருகிலேயே ஒலியை எண்களாக மாற்றி, வைஃபை வழியே கணினிக்கு அனுப்புவதுதான் முறை. பேச்சை அறிய நொடிக்கு 16,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட் இருந்தால் போதும். கணக்கிட்டால் நொடிக்கு 256 கிலோபிட்தான் வருகிறது. சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடமாக இருந்தால் பழைய ரவுட்டரும் இதைத் தாங்கும். பழைய ஓட்டு வீடுகளின் கனத்த சுவர்களைப் பொறுத்தவரை, மைக் வைக்கப்போகும் இடத்தில் கைபேசியை வைத்துச் சிக்னலை முதலில் பார்த்துவிடுங்கள்.

மார்த்தாண்டம் அன்பர்: எந்தக் கருவியை வாங்கலாம்?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஹோம் அசிஸ்டன்ட் குழுவினரே 2024 டிசம்பரில் வெளியிட்ட வாய்ஸ் பிரிவியூ எடிஷன் என்ற சிறு பெட்டி. அதில் இரண்டு மைக்குகளும், எதிரொலியையும் இரைச்சலையும் நீக்கும் எக்ஸ்மாஸ் சில்லும், மைக்கைத் துண்டிக்கும் சுவிட்சும் இருக்கின்றன. இரண்டாவது, ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினிப் பலகையின் மேல் இரட்டை மைக் பலகையைச் செருகி, ஒலியை ஹோம் அசிஸ்டன்டுக்குக் கொண்டுசெல்லும் வயோமிங் என்ற நெறிமுறையில் இயக்குவது. கெர்னலை (இயங்குதளத்தின் கருவை) புதுப்பிக்கும்போது மைக் பலகையின் டிரைவர் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்பதை அறிந்தே இதில் இறங்க வேண்டும். மூன்றாவது, வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி32-எஸ்3 என்ற சிறு பலகையுடன், ஒலியை எண்களாகவே தரும் ஐ2எஸ் மைக் ஒன்றைப் பற்றவைத்து, அதை ஹோம் அசிஸ்டன்டோடு இணைக்கும் ஈஎஸ்பிஹோம் மென்பொருளை ஏற்றுவது. செலவு மிகக் குறைவு இதில்தான். ஆனால் கேட்கும் திறனும் அதற்கேற்றபடிதான் இருக்கும். வீட்டில் எல்லோரும் புழங்கப்போகும் கூடத்துக்கு முதல் வழியையும், கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு மூன்றாவதையும் சொல்வேன்.

குலசேகரம் அன்பர்: ஐஎன்எம்பி441 என்ற ஐ2எஸ் மைக்கை ஈஎஸ்பி32-எஸ்3 உடன் இணைத்தேன். பலகை இணைப்பில் இருக்கிறது, ஆனால் எதுவுமே கேட்கவில்லை.

இரண்டு இடங்களைப் பாருங்கள். அந்த வட்டப் பலகையில் எல்/ஆர் என்று ஒரு கால் இருக்கும். அதைத் தரையோடு இணைத்தால் மைக் இடப்பக்க வரிசையிலும் (சேனல்), 3.3 வோல்ட்டோடு இணைத்தால் வலப்பக்க வரிசையிலும் பேசும். எதிலும் இணைக்காமல் தொங்கவிட்டாலோ, மென்பொருள் மறுபக்க வரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தாலோ கிடைப்பது வெறும் மௌனமே. அடுத்தது, ஒலி நுழையும் துளை. பளபளக்கும் உலோக மூடிதான் மைக்கின் முகம் என்று எண்ணி அதை வெளிப்பக்கமாக வைப்பார்கள். உண்மையில் குண்டூசி முனை அளவுள்ள துளை பலகையின் மறுபுறத்தில் இருக்கிறது. அந்தத் துளைக்கு நேராகப் பெட்டியில் ஓர் ஓட்டை போட்டு, பலகையைப் பெட்டியோடு ஒட்டி அமர்த்துங்கள். சூட்டுப் பசை துளைக்குள் இறங்கிவிட்டால் மைக் வீண். இணைப்பு ஒயர்கள் சில சென்டிமீட்டருக்கு மேல் நீளாமல் இருப்பதும் நல்லது. (ராஸ்பெர்ரி பை வைத்திருப்போர் வயோமிங் மென்பொருளை நிறுவுவதற்கு முன்பே, ஒலியைப் பதிவுசெய்யும் ஏரெகார்டு (arecord) கட்டளையால் ஐந்து நொடி பதிவுசெய்து கேட்டுப் பார்த்துவிட்டால், பாதி அலைச்சல் மிச்சம்.)

குளச்சல் அன்பர்: சீலிங் ஃபேன் சுழலும்போதும், தகரக் கூரையில் மழை கொட்டும்போதும் அடியோடு கேட்பதில்லை. சத்தத்தைக் கூட்டி வைக்கலாமா?

கூட்டினால் ஃபேன் சத்தமும் சேர்ந்தே கூடும். தூரம் இரட்டிப்பாகும்போது நேரடியாக வரும் குரல் 6 டெசிபெல் குறைகிறது. ஃபேன் இரைச்சலோ அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. நான்கு மீட்டர் தள்ளி அலமாரியின் மேல் இருக்கும் மைக்கை, நீங்கள் வழக்கமாக நின்று பேசும் இடத்துக்கு ஒரு மீட்டர் அருகே கொண்டுவந்தால் 12 டெசிபெல் ஆதாயம் கிடைக்கும். எந்த மென்பொருளும் இதைச் செலவில்லாமல் தராது. ஃபேன் காற்று நேரே படாத இடமாகவும், அறை மூலையாக இல்லாமலும் பாருங்கள். அதற்குப் பிறகு வயோமிங் மென்பொருளில் இரைச்சல் குறைப்பை 0 முதல் 4 வரையுள்ள அளவில் 2-இல் வையுங்கள். 4-இல் வைத்தால் குரலும் சேர்ந்து சிதையலாம். தகரத்தின் மேல் அடைமழை பெய்யும்போது கையால் சுவர் சுவிட்சைப் போடுவதே மரியாதை. கடலோரமாகையால், உப்புக்காற்று செருகும் இணைப்புகளைக் களிம்பேற்றும். பற்றவைத்த இணைப்பே நீடிக்கும்.

நாகர்கோவில் அன்பர்: அம்மா தமிழில்தான் பேசுவார்கள். புரிந்துகொள்ளுமா?

பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளின் மாதிரிகளுக்கு (மாடல்) தமிழ் தெரியும். ஆனால் சிறிய மாதிரிகள் தமிழில் மிகவும் தடுமாறுகின்றன, பெரிய மாதிரிகளுக்கோ வலுவான கணினி தேவை. ராஸ்பெர்ரி பை 4-இல் விஸ்பர் ஓடினால் ஒரு கட்டளைக்கு ஏறத்தாழ எட்டு நொடி பிடிக்கும். அதுவரை அம்மா காத்திருக்க மாட்டார்கள். எனவே அம்மாவின் வாக்கியங்களையே ஹோம் அசிஸ்டன்டுக்குக் கற்பிப்பது நல்லது. தானியக்கம் (ஆட்டோமேஷன்) ஒன்றை உருவாக்கும்போது, அதைத் தொடங்கிவைக்கும் தூண்டலாக "மோட்டார் போடு", "மோட்டாரைப் போடு", "மோட்டரு போடு" ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். விஸ்பர் தவறாக எழுதும் வடிவத்தையும் பதிவேட்டில் பார்த்து, அதையும் சேர்த்துவிடலாம். கருவிகளின் பெயர்களைப் பொறுத்தவரை, "கிச்சன் லைட்" என்றிருப்பதற்கு "அடுக்களை விளக்கு" என்ற மாற்றுப்பெயரும் கொடுங்கள்.

அழகியமண்டபம் அன்பர்: டிவியில் யாரோ பேச, இது விழித்துக்கொள்கிறது.

மைக்கை டிவியிலிருந்து விலக்குங்கள், விழிப்புச் சொல்லின் (கருவியை எழுப்ப முதலில் சொல்லும் சொல்) வாசலளவை, அதாவது எவ்வளவு ஒத்திருந்தால் விழிக்க வேண்டும் என்ற எல்லையை, சற்று உயர்த்துங்கள். அசை மிகுந்த சொல்லைத் தேர்ந்தால் பிழை குறையும்.

இரணியல் அன்பர்: வீட்டுப் பேச்செல்லாம் வெளியே போகுமா?

விழிப்புச் சொல்லை ஈஎஸ்பி32-எஸ்3 பலகை தனக்குள்ளேயே கண்டறிந்தால், அதன் பிறகு பேசுவது மட்டுமே உங்கள் கணினிக்குச் செல்லும். ராஸ்பெர்ரி பையில் அந்தக் கண்டறிதலைக் கணினியிடம் விட்டால் ஒலி ஓயாமல் வைஃபையில் ஓடும், ஆனால் வீட்டுக்குள்ளேயேதான். எழுத்தாக்கத்துக்கு இணையச் சேவையைத் தேர்ந்திருந்தால் கட்டளைகள் வெளியே செல்லும்.

அருமனை அன்பர்: ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட் வீட்டிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கும் மைக் வேண்டும்; லேன் கேபிளை மரங்களில் கட்டிக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடியில் அந்தக் கேபிளில் தூண்டப்படும் மின்னழுத்தம் இரு முனைகளிலுமுள்ள கருவிகளைக் கருக்கிவிடக்கூடும். உலோகம் கலவாத ஃபைபர் கேபிளையோ, வெளிப்புற வைஃபை இணைப்பையோ பயன்படுத்துங்கள். ரோலர் ஓடும் வேளையில் குரல் எடுபடாது என்பதால், அங்கே மைக்குக்குப் பதில் வைஃபை பட்டன் ஒன்றைச் சுவரில் பொருத்துவதையும் யோசியுங்கள்.